நாற்பத்தொன்பது சென்ட்டும் ஒரு பெயின்ட் வாளியும்

என் மாமியாரின் பெரிய அலுமினிய டெக்டியில் இப்போது ஒரு பள்ளம் இருக்கிறது. மொரீஷியஸில் சோறு வடிக்கிற பாத்திரத்துக்கு டெக்டி என்றுதான் பெயர். அந்தப் பள்ளம் சமையலில் விழுந்ததில்லை. நியூஜெர்சியில் இருக்கிற என் தம்பி போடும் சாதாரணக் கவருக்கு ஏன் கூடுதல் தபால் கட்டணம் விழுகிறது என்று இங்கே காத்ர் போர்ன் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஆராயப் போனதில் விழுந்தது.

தம்பி அங்கே எடிசன் ஊரில் இருக்கிறான். வாரநாளில் கணினி வேலை, சனி ஞாயிறில் போக்கிமான் விளையாட்டு அட்டை வாங்கி விற்பது. பெரிய வியாபாரம் ஒன்றுமில்லை; ஒரு டாலர், இரண்டு டாலர் அட்டைகள். இதைப் பார்சலில் அனுப்பினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். அதனால் சாதாரண வெள்ளைக் கவரில் போட்டு ஒரு தபால் தலை ஒட்டி அனுப்பிவிடுவான். அங்கே சில்லறையாக அட்டை விற்கிறவர்கள் பலரும் செய்வது அதுதானாம்.

2025 ஜூலை 13-ஆம் தேதி அங்கே கட்டணம் ஏறியது. ஒரு அவுன்ஸ் வரையிலான உள்நாட்டுக் கடிதத்துக்கு 78 சென்ட். அந்தக் கவர் 'இயந்திரத்தில் ஓட்ட முடியாதது' என்ற வகையில் விழுந்தால் அதற்கு மேல் 49 சென்ட். ஒரு டாலர் அட்டைக்கு 1 டாலர் 27 சென்ட் தபால் செலவு! அந்த வாரமே அட்டை வாங்கிய ஒருவர், "காசு கட்டித்தான் கவரை வாங்கினேன்" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்.

"எடை பதினெட்டு கிராம்தாங்க்கா. ஒரு அவுன்ஸ்னா இருபத்தெட்டு கிராம். அப்புறம் எதுக்குக் கூடுதல்?" என்று போனில் புலம்பினான்.

நான் இங்கே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவள். பித்தானைப் பிடித்து இழுத்து எத்தனை கிலோவுக்குப் பிய்கிறது என்று பார்ப்பதும், துணியைத் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பதும்தான் வேலை. 'ஏன் தேறவில்லை' என்று யாராவது கேட்டால் எனக்குக் கை பரபரக்கும். "நீ எப்படிப் பேக் பண்றியோ அதே மாதிரி இங்க ஒண்ணு செஞ்சு பார்க்கிறேன், இருடா" என்றேன். சாமான் எல்லாம் வீட்டிலேயே இருந்தது. பன்னிரண்டு வயது மகனும் இதே பைத்தியம்தான். அட்டை, அதற்கு மாட்டும் மெல்லிய பென்னி ஸ்லீவ் உறை, டாப்லோடர் என்கிற கெட்டி பிளாஸ்டிக் கூடு எல்லாம் அவன் அலமாரியில் குவிந்து கிடக்கின்றன.

முதலில் எடையைத்தான் சந்தேகப்பட்டேன். என்னிடம் இருப்பது சமையல் தராசு. ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஒற்றை அட்டையை வைத்தால் ஒரு தடவை 1 என்கும், மறு தடவை 2 என்கும். பத்து அட்டையைச் சேர்த்து வைத்தேன், 18 கிராம். ஒன்று 1.8. தராசைச் சரிபார்க்கப் படிக்கல் தேடி அலைய வேண்டியதில்லை. 80 கிராம் தாள் என்று விற்கிறார்களே, அந்த ஏ4 தாளில் பதினாறைப் பரப்பினால் ஒரு சதுர மீட்டர். ஆகவே ஒரு தாள் 5 கிராம். இருபது தாளை வைத்தேன். 100 காட்டியது. இந்தத் தராசை நம்பலாம்.

டாப்லோடர் ஐந்து சேர்ந்து 34 கிராம். சி6 அளவுக் கவர் ஒன்று சுமார் 4. மடித்த ஏ4 தாள் 5. ஸ்லீவ் அரை கிராம்கூடத் தேறாது. கூட்டிப் பார்த்தால் தம்பி சொன்ன பதினெட்டுதான். ஒரு அவுன்ஸுக்கு இன்னும் பத்து கிராம் பாக்கி இருக்கிறது. அவன் சொன்னது சரி, எடையில் கோளாறு இல்லை.

அடுத்து தடிமன். அமெரிக்காவில் கடிதம் என்ற கணக்கில் போக அதிகபட்சம் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் பெரிய உறைக் கட்டணம். அதுவும் வளையாமல் விறைப்பாக இருந்தால் பார்சல் கட்டணம். என்னிடம் வெர்னியர் இல்லை. மறுபடி ஏ4 தாள்தான் கைகொடுத்தது. ஐந்நூறு தாள் கட்டு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் உயரம் என்பதால் ஒரு தாள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அறுபத்து மூன்று தாளில் ஓர் அடுக்கு, பக்கத்தில் அதே போல இன்னோர் அடுக்கு, இரண்டுக்கும் மேல் இரும்பு ஸ்கேல். ஒரு சின்ன வாசல் கிடைத்துவிட்டது. தம்பியின் கவர் மாதிரியை அதில் தள்ளினேன். இரண்டு பக்கமும் இடம் விட்டு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தடிமனும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அமெரிக்கத் தபால் துறையின் விதியை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். ஆனால் தராசைக் கையில் எடுத்தவளுக்குப் படிக்கப் பொறுமை ஏது?

இயந்திரத்தில் ஓடாத கவர் எது என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். சதுரக் கவர் ஆகாது. நீளத்தை உயரத்தால் வகுத்தால் 1.3-க்கும் 2.5-க்கும் நடுவில் வர வேண்டும். என் சி6 கவர் 162-க்கு 114, ஆக 1.42, தப்பியது. கொக்கி, கயிறு, பித்தான் வைத்து மூடிய கவர் கூடாது. முகவரியைக் கவரின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக எழுதினாலும் போச்சு. உள்ளே பேனா, சாவி மாதிரி மேடு பள்ளமாக எதுவும் இருக்கக் கூடாது. கடைசியாக ஒன்று: கவர் அதிக விறைப்பாக இருக்கக் கூடாது. அதற்கு ஓர் அளவும் சொல்லியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்குப் பழைய ஆய்வறை ஞாபகம் வந்து உற்சாகம் தொற்றிக்கொண்டது. 40 பவுண்டு இழுவையில் ஓடும் பட்டைக்குள், 11 அங்குல விட்டமுள்ள வளைவைச் சுற்றி, கவர் சுலபமாக வளைய வேண்டும்.

பிரிக்கும் இயந்திரத்தில் கவர் நீளப் பக்கம் கீழே ஊன்றி, இரண்டு பட்டைகளுக்கு நடுவில் நசுங்கியபடி, உருளை உருளையாகத் திரும்பித் திரும்பி ஓடுகிறது. மணிக்கு முப்பதாயிரத்துக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு கெட்டிக் கூடு வந்தால் உருளையில் திரும்பாமல் முரண்டு பிடிக்கும். கவரைக் கிழித்துக்கொண்டு தான் மட்டும் வெளியே பாய்ந்தாலும் பாயும். ஆகவே அந்த 49 சென்ட் எடைக்கானதே இல்லை, முரண்டுக்கானது. தம்பியோ அட்டை மடங்கிவிடக் கூடாதே என்று கூட்டுக்கு மேல் கூடு போட்டு, அந்த முரண்டைத்தான் ஒவ்வொரு வாரமும் பத்திரமாக ஏற்றிக்கொண்டிருந்தான்.

சரி, 11 அங்குல வளைவு வேண்டும். கிட்டத்தட்ட 28 சென்டிமீட்டர் விட்டம். வீட்டில் அந்த அளவுக்கு உருண்டையாக என்ன இருக்கிறது என்று தேடியபோது மாமியாரின் டெக்டி கண்ணில் பட்டது. இரண்டு ஸ்டூல்களை இடைவெளி விட்டு வைத்து, டெக்டியைப் படுக்கப்போட்டு அதன் இரு முனைகளும் ஆளுக்கொரு ஸ்டூலில் இருக்கும்படி அமைத்தேன். நடுவில் பை தைக்கிற அகலமான நாடா. நாடாவின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு வாளி. 40 பவுண்டு என்றால் 18 கிலோ. வாளிக்குப் பதினெட்டு லிட்டர் தண்ணீர்.

இரண்டையும் ஒரே நேரத்தில் கைவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லியிருந்தேன். அவன் இந்த ஊர் க்ரியோல் மொழியில் "த்ருவா" வரைக்கும் எண்ணினான். நான் "மூன்று" வரைக்கும் எண்ணினேன். இரண்டும் ஒரே நேரத்தில் முடியவில்லை. ஒரு வாளி முந்தித் தரையிறங்க, டெக்டி உருண்டு சிமென்ட் தளத்தில் மோதியது. சத்தம் கேட்டு மாமியார் வந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டாவது தடவை புத்தி வந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய இருபது லிட்டர் வாளி பின்கட்டில் கிடந்தது. அது மேலே அகலம், கீழே குறுகல். நூலைச் சுற்றிப் பார்த்து, சுற்றளவு 88 சென்டிமீட்டர் வருகிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். நசுங்காமலிருக்க உள்ளே மணல் நிரப்பி மூடினேன். தண்ணீர் வாளிகளை விடுவதற்குப் பதில் காலி வாளிகளை நாடாவில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொம்பால் ஊற்றி நிரப்பினோம். ஆடாமல் அசையாமல் நின்றது. உண்மையான இயந்திரத்தைப் போலக் கவரை ஓட்டிப் பார்க்க இதில் வழியில்லை. வளைவில் ஒட்டி உட்காருகிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கலாம். எனக்கு அது போதும்.

முதல் கவர், தம்பியின் வழக்கமான முறை: ஸ்லீவ், டாப்லோடர், தாள் மடிப்பு. டாப்லோடரின் நீளப் பக்கம் கவரின் நீளப் பக்கத்தோடு போகும்படி படுக்கையாக வைத்தது. நாடா போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நடுப்பகுதி வாளியைத் தொட, இரண்டு முனைகளும் வானத்தைப் பார்த்து நின்றன. தீக்குச்சிகளை அடுக்கி இடைவெளியைப் பார்த்தேன், முனையில் 9 மில்லிமீட்டர் வந்தது. கணக்குப் போட்டாலும் அதேதான்: டாப்லோடரின் நீளம் 102 மில்லிமீட்டர், நேரான தகட்டை இந்த வட்டத்தின் மேல் வைத்தால் முனை அவ்வளவு தூக்கித்தான் ஆக வேண்டும். நாடாவைப் போட்டுத் தண்ணீர் ஏற்றியதும் கூடு முனகிக்கொண்டே கொஞ்சம் வளைந்தது. ஆனால் மூலைகள் கவர் தாளைக் குத்தி, ஒரு மூலையில் ஓட்டையே போட்டுவிட்டது. ஓடாமல் சும்மா நிற்கும்போதே இந்தக் கதி.

அதே கூட்டை நிமிர்த்தி, 76 மில்லிமீட்டர் அகலப் பக்கம் கவரின் நீளத்தோடு போகும்படி வைத்தேன். முனை தூக்கல் 5 மில்லிமீட்டராகக் குறைந்தது. கூடுதல் கட்டணத்திலிருந்து தப்பிக்க இது போதாது. ஆனால் கூடுதல் கட்டணம் கட்டி டாப்லோடரில் அனுப்புகிறவர்களும் அதை நிமிர்த்தி வைப்பது நல்லது. கவர் கிழியும் வாய்ப்பு குறையும். இந்த ஒரு விஷயத்தைத் தம்பியிடம் யாரும் சொன்னதில்லை. அவனுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் படுக்க வைத்துத்தான் அனுப்புகிறார்களாம்.

பிறகு அட்டையை மட்டும் ஸ்லீவில் போட்டு, வேறெதுவும் இல்லாமல் வளைத்துப் பார்த்தோம். மகன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் பயந்தது வீண். அட்டையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். 28 சென்டிமீட்டர் வளைவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சீட்டுக்கட்டைக் கலைக்கும்போது இதைவிடப் பல மடங்கு வளைக்கிறோம். எடுத்து மேசையில் வைத்ததும் பழையபடி தட்டையாகிவிட்டது. வளைவது அட்டைக்கு ஆபத்தில்லை; ஒரே இடத்தில் மடிவதுதான் ஆபத்து.

அந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு வேலை வேகமாக நடந்தது. டாப்லோடருக்குப் பதில் என்ன வைக்கலாம்? மகனின் யோசனை, பார்சல் பெட்டியின் நெளி அட்டை. இலேசாக இருக்கிறது, கெட்டியாகவும் இருக்கிறது. சோதனைக்கு அவன் தாராளமாகத் தந்தது எனர்ஜி அட்டை. ஒவ்வொரு கட்டிலும் வந்து குவியும், விலை போகாது. நெளி அட்டை வளைவில் உட்காரும்போது 'டக்' என்று ஒரு நெளியில் மடிந்தது. பிரித்துப் பார்த்தால் எனர்ஜி அட்டையில் அதே இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. தீர்ந்தது. நெளி அட்டை வேண்டாம்.

அடுத்தது காலையில் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியின் அட்டை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துணிக்குப் பாவு, ஊடை இருப்பது போலக் காகித அட்டைக்கும் நார் ஓடுகிற திசை உண்டு. நாரோடு சேர்ந்த திசையில் சுருட்டினால் சுலபமாகச் சுருளும். குறுக்கே சுருட்டினால் எதிர்க்கும், சில சமயம் முறியும். வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்த்தால் விரலுக்கே தெரியும். கவரின் நீளவாக்கில் எளிதாக வளையும்படி திசை பார்த்து, 75-க்கு 100 மில்லிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டினேன். இரண்டும் சேர்ந்து 5 கிராம். நடுவில் ஸ்லீவ் போட்ட அட்டை. மூன்று பக்கம் மாஸ்கிங் டேப்.

வாளியில் ஏற்றினேன். முனை தூக்கவில்லை. நாடா இறங்கியதும் சேலைக் கொசுவம் போல ஒட்டி உட்கார்ந்தது. அரை மணி நேரம் அப்படியே விட்டு எடுத்துப் பிரித்ததில் எனர்ஜி அட்டையில் ஒரு கீறலும் இல்லை.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி செல்லோ டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். வாங்குகிறவர் பிரிக்கும்போது ஸ்லீவும் கூடவே பிய்ந்து வரும், பசை அட்டையில் இழுக்கும். பெயின்டர் ஒட்டுகிற மாஸ்கிங் டேப் போதும். நுனியை அரை விரற்கடை மடித்து விட்டால் பிடித்து இழுக்க வாலாகவும் இருக்கும். இந்த வால் விஷயத்துக்கே அவனுக்கு இரண்டு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது என்று பிறகு சொன்னான்.

இன்னொன்று, உள்ளே இருப்பது கவருக்குள் ஓடக் கூடாது. கவரைக் குலுக்கினால் சத்தம் கேட்டால் அது ஒரு மூலைக்குப் போய்க் குவியும். அங்கே மட்டும் தடித்து நிற்கும். விதியில் சொன்ன மேடு பள்ளம் இதுதான். ஏ4 தாளை நான்காக மடித்து, நடு மடிப்பில் இந்தக் கட்டை ஒரு டேப்பால் ஒட்டிவிட்டேன். தாள் கவர் முழுவதும் பரவி நிற்பதால் கனமும் சீராகிறது. மொத்தம் 17 கிராம். கூடு போட்ட கவருக்கும் இதற்கும் எடை வித்தியாசம் சுமார் ஒரு கிராம், காசு வித்தியாசம் 49 சென்ட்.

ஒரே ஒரு வகை அட்டையில் மட்டும் இன்னும் திருப்தியில்லை. பளபளக்கும் ஹோலோ அட்டை. ஒரு பக்கம் உலோகப் படலம், மறு பக்கம் காகிதம். காகிதம் ஈரத்தை உறிஞ்சும், படலம் உறிஞ்சாது. எங்கள் காத்ர் போர்னில் மழைக்காலத்தில் அலமாரிக்குள்ளேயே அப்பளம் மாதிரிச் சுருண்டுகொள்கிறது. ஏற்கெனவே சுருண்டதை இரண்டு மெல்லிய அட்டைக்குள் வைத்தால் கவரே வயிறு தள்ளி நிற்கிறது. கனமான புத்தகத்துக்கு அடியில் இரண்டு நாள் வைத்துத் தட்டையாக்கிய பிறகு சரியாக வந்தது. நியூஜெர்சியில் இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது.

படம், அளவு எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். தம்பி பத்துக் கவர் தயார் செய்தான். எட்டு இந்தப் புது முறையில், 78 சென்ட் மட்டும் ஒட்டி. மீதி இரண்டு டாப்லோடரில். அவற்றிலும் குறைத்து ஒட்டிப் பார்க்கலாமே என்றான். "கட்ட வேண்டியதைக் கட்டிட்டு என்ன ஆகுதுன்னு பாருடா" என்றேன். இந்த மாதிரிக் கவருக்கென்றே அங்கே வண்ணத்துப்பூச்சித் தபால் தலை வெளியிடுகிறார்கள். 2010-இல் மொனார்க் வண்ணத்துப்பூச்சி போட்ட 64 சென்ட் தலையில் தொடங்கியது. அப்போது கடிதத்துக்கு 44, கூடுதலுக்கு 20. கூடுதல் கட்டணம் அன்றைக்கு 20, இன்றைக்கு 49 என்று தம்பி பெருமூச்சு விட்டான். மகனோ அந்த வண்ணத்துப்பூச்சி தனக்கு வேண்டும் என்று பிடித்துக்கொண்டான்.

பத்தும் அவன் நண்பர்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. எட்டில் எதற்கும் யாரும் காசு கேட்கவில்லை. ஒன்றில் மட்டும் கவர் மூலை மடங்கியிருந்தது, உள்ளே அட்டைக்குச் சேதமில்லை. டாப்லோடர் இரண்டும் நல்லபடியாகவே வந்தன. ஆனால் அதில் ஒன்றின் வண்ணத்துப்பூச்சி மேல் இயந்திரம் அடிக்கிற அலைக்கோட்டு முத்திரை இருந்தது! கூடுதல் கட்டணம் கட்டினால் கையால் பிரிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதல்லவா, அதை ரொம்ப நம்ப வேண்டாம். கட்டணம் கட்டுவது கட்ட வேண்டியதால். பத்திரத்துக்குக் கவரின் கட்டுமானத்தைத்தான் நம்ப வேண்டும். இப்போது அவன் வைத்திருக்கும் கணக்கு: ஐந்து டாலர் வரைக்கும் இந்த மெல்லிய கட்டு, அதற்கு மேல் டாப்லோடரும் வண்ணத்துப்பூச்சியும், இருபது டாலரைத் தாண்டினால் கவர் பேச்சே இல்லை, கண்காணிப்பு எண் போட்ட பார்சல். இருபதை நான் பதினைந்தாக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

இந்த அமளியெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் ஒரு நாள் மாமியார் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். டெக்டிக்குப் பிறகு அவராக வந்து பேசியது அன்றைக்குத்தான். உள்ளே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எழுபதுகளில் அவர் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் எழுதிய கடிதங்கள். ஒரு கவரில் 'T' என்ற முத்திரையும் பக்கத்தில் ஒரு பின்னமும் இருந்தன. "இதுக்குத் தபால்காரர்கிட்ட காசு குடுத்தோம்," என்றார். "கல்யாணப் பத்திரிகை வச்சு அனுப்பிட்டாங்க. கனம் கூடிப்போச்சு."

குறைந்த மதிப்புக்குத் தபால் தலை ஒட்டிய வெளிநாட்டுக் கடிதத்துக்கு உலகம் முழுக்க அந்த எழுத்துதான். பிரெஞ்சில் 'தாக்ஸ்' என்பதன் முதல் எழுத்து. பின்னத்தில் மேலே இருப்பது கட்டணம் எவ்வளவு குறைந்ததோ அதைப் பொறுத்த எண். கீழே இருப்பது அனுப்பிய நாட்டில் வெளிநாட்டுக் கடிதத்தின் முதல் எடைக்கான விலை. கடிதம் போய் இறங்குகிற நாடு அந்தப் பின்னத்தைத் தன்னுடைய கட்டணத்தால் பெருக்கி, பெறுகிறவரிடம் தன் நாணயத்தில் வாங்கிக்கொள்ளும். இந்திய ரூபாய் எத்தனை, மொரீஷியஸ் ரூபாய் எத்தனை என்று யாரும் மாற்று விகிதம் பார்க்க வேண்டியதில்லை. இவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாட்டை ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலையில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. தம்பியிடம் காட்டினேன். "அப்பவும் காசு கட்டினது வாங்கினவங்கதானா!" என்றான்.

இங்கே முடிந்திருக்கும். மகனுக்குத் திடீரென்று ஓர் ஆசை. தன்னிடம் இரண்டாக இருக்கும் அட்டைகளில் ஒன்றைத் தம்பி மகனுக்கு நம் பொதியிலேயே அனுப்ப வேண்டும் என்றான். நல்ல யோசனைதான் என்று பட்டது. உலகத் தபால் ஒன்றியத்தின் சிறிய கடித அளவு 245-க்கு 165 மில்லிமீட்டர், கனம் 5 மில்லிமீட்டர், எடை 100 கிராம். நம் கவர் இதற்குள் தாராளமாக அடங்குகிறது. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மெட்ரோ பிடித்து போர்ட் லூயிஸ் போனோம்.

போன கையோடு கோடான் துறைமுகத்தில் நீலப் பென்னி அருங்காட்சியகத்துக்குள்ளும் அழைத்துப் போனேன். 1847-இல் இந்தத் தீவு அடித்த தபால் தலைகள் அங்கே இருக்கின்றன. ஒரு பென்னி ஆரஞ்சுச் சிவப்பில் ஐந்நூறு, இரண்டு பென்னி நீலத்தில் ஐந்நூறு, அவ்வளவுதான் அடித்தார்கள். மூலத்தைச் சில நேரம் மட்டுமே வெளிச்சம் போட்டுக் காட்டுவார்கள், மற்ற நேரமெல்லாம் நகல்தான். "ஸ்லீவ் போட்டிருக்காங்களாம்மா?" என்று மகன் கேட்டான்.

அஞ்சலகக் கவுண்டரில் இருந்த அம்மாள் கவரை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்த்தார். எனக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல இருந்தது. வளைந்தது. தலையாட்டினார். பிறகுதான் கேட்டார், "கி எனா லாதான்?" உள்ளே என்ன இருக்கிறது என்று.

"கார்ட்" என்றேன்.

வாழ்த்து அட்டையா, போஸ்ட் கார்டா என்றார். விளையாட்டு அட்டை என்று மகன் க்ரியோலில் விளக்கினான். கவர் அப்படியே என் பக்கம் நகர்ந்து வந்தது. "பா கபாவ், மதாம்." முடியாது.

அவர் சொன்னதில் தப்பில்லை. நாடு விட்டு நாடு போகும் சாதாரணக் கடிதக் கவரில் ஆவணம் மட்டும்தான்: எழுதின தாள், ரசீது, வாழ்த்து. விலைக்கு வாங்கி விற்கிற எதுவும் பொருள். பொருள் என்றால் சிறு பொட்டலம், அதற்கு சிஎன் 22 என்ற சுங்கப் படிவம், உள்ளே இருப்பதன் பெயர், எடை, மதிப்பு, பார்கோடு எண், எல்லாம் வேண்டும். கவர் எவ்வளவு நன்றாக வளைந்தாலும் சரி. பிறகு பார்த்தால் அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற சாதாரணக் கடிதங்களுக்கும் 2018 ஜனவரி முதல் இதே விதிதான். தம்பியும் எனக்கு இப்படி அனுப்ப முடியாது. உள்ளூருக்குள் மட்டும் ஓடுகிற உபாயத்துக்கு நான் டெக்டியைப் பலி கொடுத்திருக்கிறேன்.

சிறு பொட்டலமாக அனுப்ப என்ன ஆகும் என்று கேட்டோம். அவர் சொன்ன தொகைக்கு மகன் இரண்டு புதுக் கட்டு வாங்கியிருப்பான். டிசம்பரில் மாமா வரும்போது கையில் கொடுத்தனுப்பலாம் என்று அவனே முடிவு செய்துவிட்டான்.

ஆனால் வெறுங்கையோடு திரும்ப மனமில்லை. அங்கேயே ஓரமாக நின்று, அட்டையை ஒட்டியிருந்த ஏ4 தாளைப் பிரித்தெடுத்தான். அட்டையில் இருந்த பிக்காச்சுவை அந்தத் தாளில் பார்த்துப் பார்த்து வரைந்தான். கீழே தமிழில் நாலு வரி. தம்பி மகனுக்குத் தமிழ் எழுத்து இப்போதுதான் பழக்கம் ஆகிறது, அதனால் பெரிய பெரிய எழுத்தில். கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டைகள் இரண்டும் என் கைப்பைக்குள் போயின. புதுக் கவர், ஒரு மடிப்புத் தாள், ஒன்பது கிராம்.

அதே கவுண்டர், அதே அம்மாள். மறுபடி வளைத்துப் பார்த்தார். மறுபடி, "கி எனா லாதான்?"

"லெத், மதாம்" என்றான் மகன். கடிதம்.

அவர் தபால் தலையை ஒட்டி, முத்திரையைக் கையாலேயே குத்தினார்.